தாண்டினால் திரும்பாத திருகாணி சார்

தேரைக்கூட ஊர் கூடினால் நாலு அடி பின்னுக்கு நகர்த்திவிடலாம். எங்கள் திருகாணி சாரை ஓரடி பின்னால் நடக்கவைக்கக் காஞ்சிபுரத்தில் ஆள் பிறக்கவில்லை.

செவிலிமேட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து சீட். ஒரு ஃபைபர் கேபிளுக்குள் ஒளி ஏகப்பட்ட நிறங்களில் கும்பலாகப் போகும்; அதில் கேட்ட நிறத்தை மட்டும் பிரித்துக் கொடுக்கும் டப்பாவைத்தான் எங்கள் கம்பெனி செய்கிறது. டப்பாவுக்குள் ஒரு கண்ணாடி. அதன்மேல் கண்ணுக்கே தெரியாத மெல்லிய கோடுகள். ஒளி அதில் பட்டுத் திரும்பும்போது நிறம் நிறமாக விசிறிப் போகும். ஒரு திருகாணியைத் திருகிக் கண்ணாடியைச் சாய்த்தால், வேண்டிய நிறம் மட்டும் வந்த வழியே திரும்பும், மற்றதெல்லாம் வெளியே நிற்கும். திருகுவது சாரின் வேலை. பெயர் வந்த கதை இதுதான்.

திருகாணியில் லேசாக ஆட்டம் இருக்கும். வேண்டிய நிறத்தைத் தாண்டிவிட்டால் அப்படியே கொஞ்சமாகப் பின்னால் திருகக் கூடாது. திருகாணி திரும்பும், கண்ணாடி திரும்பாது, மீட்டர் பொய் சொல்லும். அதனால் முழுசாகப் பின்னால் போய், மறுபடி முதலிலிருந்து வரவேண்டும். வேலைக்கு நல்ல சட்டம்தான். மனுஷன் அதை வாழ்க்கைக்கும் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் பஸ்ஸில் தூங்கி, தம் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டார். "சார், எறங்கி அப்படியே பின்னால நடங்க, நம்ம தெருதான்" என்றார் டிரைவர். "தாண்டிட்டம்பா" என்று இறங்கியவர், டவுன் பஸ் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கிருந்து வேறு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். நடுவில் அந்த டவுன் பஸ் அவர் வீட்டு வழியாகவே போயிருக்கிறது. வாசலில் நின்ற அவர் மனைவி பதறிப்போய், "இன்னாங்க, வூடு இங்கதானே இருக்குது?" என்று கத்த, ஜன்னலிலிருந்து கை ஆட்டி, "வந்துக்கினே இருக்கேம்மா!" என்றாராம்.

ரசத்தில் உப்புக் கூடினால் தண்ணீர் ஊற்றவிட மாட்டார்; கொட்டிவிட்டு மறுபடி புளி கரைக்க வேண்டும். இதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பு. அந்த அம்மாவுக்கு மட்டும் இல்லை.

அவர் தம்பி ஐயம்பேட்டையில் தறி போட்டிருந்தார். அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தம் கையாலேயே முகூர்த்தப் புடவை நெய்து தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். கண்ணுக்குத் தெரியாத நிறத்தையே பிரிக்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தைச் சும்மா விடுவாரா? சம்பந்திகள் எதிரில் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, "முந்தானை செவப்பும் கரை செவப்பும் ஒண்ணா இல்லடா, லேசா தள்ளிக்கினு இருக்குது" என்றார். நெசவு செய்கிறவரிடம் சபையில் அதைவிடப் பெரிய அடி கிடையாது. தம்பி தட்டை வைத்துவிட்டு, கை நனைக்காமல் போய்விட்டார். அதோடு பேச்சு நின்றது.

அதன்பிறகு பஸ்ஸில் சார் தூங்கியதே இல்லை. "ஒரு வார்த்த தாண்டிட்டம்பா" என்பார்.

"போய் மன்னிப்புக் கேளுங்க சார்."

"அது பாதியிலேர்ந்து போறது. ஒண்ணுமே நடக்காத மாதிரி, காபி குடிக்க வந்தவனாட்டம் போயி நிக்கணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை போயே விட்டார். மறுநாள் பஸ்ஸில், "போனேன். கதவு தொறக்கலபா" என்றார். அந்த வருஷமே மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார்.

தகவல் கேட்டு ஓடிவந்த தம்பி, என் கண்ணெதிரே அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் வாசல்லதான் உக்காந்துக்கினு இருந்தேன் அண்ணி. வூட்டுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சிருந்தோம். அண்ணன் அடையாளம் தெரியாம நேரா தாண்டிப் போச்சு. அப்பால திரும்பி என் மூஞ்சியப் பாத்துச்சு. நான் எழுந்துட்டேன். ஒரு வார்த்த பேசல, அந்தாண்ட வந்த ஷேர் ஆட்டோல ஏறிப் போயிடுச்சு. என்னப் பாத்ததும் புடிக்காமதான் போவுதுன்னு நெனச்சேன். ரொம்ப நேரம் கழிச்சு வந்து கதவத் தட்டிச்சு. நான் தொறக்கல."

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, வூட்டத் தாண்டிட்டாருபா! அதான் பஸ் ஸ்டாண்டுக்குப் போயி மறுபடி வந்திருக்காரு. உன்னப் பாக்கத்தான்பா வந்திருக்காரு!"

தம்பி அண்ணன் முகத்தையே பார்த்தார். "நான்தான் எழுந்து நின்னேனேண்ணா. நாலு அடி திரும்பி வந்தா இன்னா?"

நான் வெளியே வந்துவிட்டேன். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இன்றைக்கும் வருகிறது. அந்தப் பாழாய்ப்போன நாலு அடியை நீங்கள் நடந்திருக்கலாம் சார். உங்களோடு சண்டை பிடிக்கவாவது பக்கத்து சீட்டில் நீங்கள் வேண்டியிருக்கிறது.