யார் பக்கம் தலைகீழ்?

நம்மிடையே ஓர் இனம் உலவுகிறது. பார்த்தால் சாது. ஆனால் கைப்பைக்குள் பட்டுத்துணியில் சுற்றிய, குறி சொல்லும் எழுபத்தெட்டு டாரட் சீட்டுகள் இருக்கும். நீங்கள் "தலை வலிக்குது" என்று வாய் தவறிச் சொன்னால் போதும், மாத்திரைக்குப் பதில் மேஜைமேல் படங்கள் பரவிவிடும். எங்கள் வீட்டில் அது அத்தை வடிவத்தில் இருக்கிறது.

அத்தைக்குக் கெட்ட சீட்டே கிடையாது. வெள்ளைக் குதிரையில் எலும்புக்கூடு வந்தாலும், "எலும்பை ஏன் பாக்கிறே? பின்னாடி சூரியன் உதிக்குது பாரு!" என்பார். கோபுரத்தில் இடி விழுந்து இரண்டு பேர் குப்புற விழுந்துகொண்டிருந்தால், "வீடு மாறப் போறே!" அப்போது அத்தையின் குரலே வேறு: பாதி மூக்கில், பாதி கிணற்றுக்குள்.

சீட்டு தலைகீழாக விழுந்தால் பலனும் தலைகீழ். ஆனால் யாருக்குத் தலைகீழ்? வாசிப்பவர் இந்தப் பக்கம், கேட்பவர் எதிர்ப்பக்கம். ஒருவருக்கு நேராக இருப்பது மற்றவருக்குக் கவிழ்ந்துதானே இருக்கும்? எந்தப் பக்கம் கணக்கு? அத்தை என்ன சொல்ல நினைக்கிறாரோ, அந்தப் பக்கம்.

போன வாரம் என் அக்கா மாட்டினாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு பெரிய மருத்துவமனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. சாயங்காலம் ஐந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு ஆசையும் பயமும் சரிபாதி. அத்தை ஒரு சீட்டை எடுத்து வைத்தார். தோளில் மூட்டையோடு ஒரு பையன், காலடியில் துள்ளும் நாய், முன்னால் பள்ளம். அத்தைக்கு நேராக நின்றான். நேராக நின்றால் 'கிளம்பு' என்று பலன்.

"உன் பக்கத்துலேர்ந்து நல்லாப் பாருடி. தலைகீழா இருக்கான். போகாதேங்கிறான்."

"நேத்து டெய்லருக்குப் பாத்தப்போ 'என் பக்கம்தான் கணக்கு'ன்னீங்களே அத்தை?"

"அது நேத்து."

அக்கா எழுந்தாள். நாற்காலியைத் தரதரவென்று இழுத்து, மேஜையைச் சுற்றிவந்து, அத்தையை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இப்போ ரெண்டு பேருக்கும் நேரா நிக்கிறான். என்ன சொல்றான்?"

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"அந்த நாயைப் பாரு. விட்டுட்டுப் போறானேன்னு குரைக்குது."

"அது கூடத்தானே அத்தை போகுது?"

"எல்லாரும் கூடவே போயிட முடியுமாடி?"

மூக்கும் இல்லை, கிணறும் இல்லை. வெறும் அத்தையின் குரல். அத்தை சீட்டை இன்னும் கிட்டே இழுத்துப் பார்த்தார்.

"மூட்டை ரொம்பச் சின்னது. போர்வை எடுத்துட்டுப் போகச் சொல்றான்."

ஐந்தடிக்க இருபது நிமிடம் இருக்கும்போதே அக்கா வருவதாகப் பதில் அனுப்பிவிட்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். "நான் சீட்டையே தொட்டதில்லை" என்கிறீர்கள். சரி. மேலதிகாரி அனுப்பிய ஒற்றை "ஓகே"யில் இருப்பது கோபமா, பாசமா என்று மூன்று பேரிடம் போனை நீட்டிக் கேட்டது யார்? மூன்றாவது ஆள் பிடித்த பதிலைச் சொன்னதும், நாலாவது ஆளிடம் கேட்காமல் நிம்மதியாகத் தூங்கியது யார்?

கைப்பையை மூடிக்கொள்ளுங்கள். பட்டுத்துணி எட்டிப் பார்க்கிறது.