தங்கை வீட்டுக்குப் பறக்கும் நேரம்

செல்போன் கோபுரம் வந்த பின்னும் காடு என்றே பேர் சொல்லிக்கொண்டிருந்த ஒரு காட்டில், வேடந்தாங்கல் ஏரிக்குப் பக்கத்தில், தாண்டவராயன் என்றொரு நாரை வாழ்ந்து வந்தது. அதன் தங்கை செங்கமலத்தைத் தெற்கே கூந்தன்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். செங்கமலத்தின் மூத்த குஞ்சுக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து. நாரைக்கு ஏது காது என்று கேட்கக் கூடாது. சடங்கென்று வந்துவிட்டால் காதும் வந்துவிடும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

உறவுக்கார நாரைகள் திங்கட்கிழமையே கிளம்பிவிட்டன. தாண்டவராயன் கிளம்பவில்லை. சுற்றுலா வந்தவரிடம் பிடுங்கிய செல்போன் ஒன்று அங்கே ஒரு குரங்கிடம் இருந்தது. அதில் தூரத்தைப் பார்க்கச் சொன்னது தாண்டவராயன். பறக்கும் நேரம் ஒரு மணி என்று குரங்கு வாசித்துக் காட்டியது. அது விமானத்துக்கான கணக்கு என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. பொடி எழுத்தைக் குரங்கு படிப்பதில்லை. குரங்கிலிருந்து வந்தவர்களும் படிப்பதில்லை.

"போன தடவை நாலு நாள் ஆச்சுன்னு வந்து படுத்துக்கிட்டீங்களே," என்றது மனைவி நாரை.

"அப்ப எனக்குத் தூரம் தெரியாது," என்றது தாண்டவராயன்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு கெளுத்தி மீனை ஆற அமர விழுங்கிவிட்டுக் கிளம்பியது. ஒரு மணி நேரம் பறந்து கீழே பார்த்தால் திண்டிவனம். செல்போன் தப்பாகச் சொல்லியிருக்கும் என்று அதற்குத் தோன்றவே இல்லை. ஊரே ஒரு மணியில் போகிற தூரத்துக்குத் தான் மட்டும் இத்தனை காலமாக நாள்கணக்கில் பறந்திருக்கிறோம், இறக்கையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து வெட்கப்பட்டது. எதிரே கொக்குகள் வந்தபோது, வேகமாகப் போவது போல முகத்தை வைத்துக்கொண்டது. மதுரை தாண்டுவதற்குள் இடது தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

கூந்தன்குளத்தில் இறங்கியபோது திங்கட்கிழமை சாயங்காலம். தாய்மாமன் வராமல் குத்தக் கூடாதென்று செங்கமலம் பிடிவாதமாக இருந்துவிட்டது. அதனால் விருந்தும் போடவில்லை. உறவுக்கார நாரைகள் பசியும் கோபமுமாகக் கிளைகளில் உட்கார்ந்திருந்தன. குஞ்சு, எடுத்துவைத்த கருவேல முள்ளைப் பார்த்துப் பார்த்தே மெலிந்து போயிருந்தது.

இத்தனை நாள் எங்கே போனாய் என்று எல்லாம் சூழ்ந்துகொண்டன. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இறக்கை கெட்ட மாமன் என்று பேராகிவிடுமே.

"வேலை விடலை. இன்னிக்குத்தான் கிளம்பினேன். பறந்தா ஒரு மணி நேரம்," என்றது தாண்டவராயன். மூச்சு வாங்கியதை இருமல் என்று சொல்லிச் சமாளித்தது.

உறவுகளின் கோபம் போன இடம் தெரியவில்லை. நாலு நாள் பறந்து வந்தவையெல்லாம் தத்தம் இறக்கையை ரகசியமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டன. காதுகுத்து நடந்தது. விருந்தின் முதல் மீனும் மாமனுக்கே கிடைத்தது.

செங்கமலம் பக்கத்தில் வந்து நின்றது. முகத்தில் சந்தோஷம் இல்லை.

"ஒரு மணி நேரம்தானா அண்ணே?" என்று கேட்டது. "போன வைகாசிக் காத்துல என் கூடு விழுந்து முட்டையெல்லாம் போச்சு. சொல்லி அனுப்பினேன். ரொம்பத் தூரம், வர முடியாதுன்னு சொல்லிட்டியே."

தாண்டவராயன் அந்த மீனைக் குஞ்சின் முன்னால் நகர்த்தி வைத்தது.

நீதி: உறவினர் வீட்டுக்குப் போக ஆகும் நேரத்தைப் பொய்யாகச் சொல்வதென்றால், எப்போதும் கூட்டியே சொல்லவும்.