இருநூறு சதவீத டிரைவர்

"நூறு பேர் ஏறினா இருநூறு பேர் புகார் பண்றாங்களாமே, நிஜமா?" என்று கேட்டார் முடிதிருத்துபவர். கத்தி அப்போது பஸ் டிரைவரின் தொண்டைக்கு நேராக இருந்தது.

டிரைவர் வாயைத் திறக்கவில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது கணக்குப் பேசக்கூடாது என்கிற அளவுக்கு அவருக்கு விவரம் உண்டு.

பக்கத்து நாற்காலியில் இருந்த மளிகைக்கடைக்காரர் செய்தித்தாளை மடித்தார். "நூறு பேர்தான் டிக்கெட் வாங்கினாங்கன்னா மிச்ச நூறு பேர் எப்படி ஏறினாங்க?"

"படியில தொங்கிட்டு வந்திருப்பாங்க."

"அப்போ அவங்க புகார் நியாயம்தான்."

செய்தி முதல் பக்கத்தில் வந்திருந்தது. '14ஆம் எண் பேருந்து மீதான புகார்கள் 200 சதவீதம் உயர்வு. பயணிகள் கொதிப்பு.' கீழே, 22 வருடங்களாக அந்த வண்டியை ஓட்டும் டிரைவரின் படம். அடையாள அட்டையில் இருக்கும் படம். அதில் யாராக இருந்தாலும் குற்றவாளி மாதிரிதான் தெரிவார்கள்.

நடந்தது இவ்வளவுதான். முந்தைய மாதம் ஒரு புகார் வந்தது. இந்த மாதம் மூன்று வந்தன.

பாதி முகச் சவரத்தோடு அவசரமாக எழுந்து டிரைவர் டிப்போவுக்குப் போனார். மேலாளர் ஏற்கெனவே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு மூணாச்சு சார். அவ்வளவுதான்."

"நீங்க எண்ணிக்கையப் பேசறீங்க. மேலிடம் சதவீதத்தைப் பேசுது. நான் படிச்ச காலத்துல நூறுதான் உச்சம். நீங்க இருநூறுல நிக்கறீங்க."

"மூணு பேர் சார். ஆட்டோல ஏத்திடலாம்."

"இன்னும் ரெண்டு மாசம் பாப்பேன். குறையலைன்னா ஸ்டீயரிங்கை விட்டுட்டு வண்டி கழுவப் போயிடணும். எனக்கு வேற வழியில்ல."

 டிரைவருக்கு ஓட்டத் தெரியும். வேறு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

"அப்படி என்னதான் எழுதியிருக்காங்க சார்?"

"அதைப் படிக்கிற அதிகாரம் எனக்கே கிடையாது. எழுதினவங்க ரகசியம். பெட்டியைத் திறப்பாங்க, எண்ணுவாங்க, நூல் போட்டுக் கட்டி அலமாரில வைப்பாங்க. எண்ணிக்கை மட்டும்தான் மேல போகும்."

டிரைவர் நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். செய்தியை எழுதிய நிருபர் மரியாதையானவர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், முழுக்கக் கேட்டார்.

"தம்பி, ஒரு புகார் இருந்தது. இப்போ மூணு. அதைப் போட்டீங்கன்னா ஜனங்களுக்குப் புரிஞ்சிடும்."

"ஒண்ணு, மூணு." நிருபர் குறித்துக்கொண்டார். பேனாவைக் கடித்தார். "அப்போ மூணு மடங்கு. ஒரு மடங்குன்னா நூறு. மூணு மடங்குன்னா முந்நூறு. அய்யய்யோ, நாங்க குறைச்சுப் போட்டுட்டோமே."

"இல்ல தம்பி..."

"நீங்க கவலைப்படாதீங்க. தப்புன்னா திருத்திடுவோம். அது எங்க கொள்கை."

மறுநாள் திருத்தம் வந்தது. '14ஆம் எண் பேருந்து மீதான புகார்கள் 200 சதவீதம் உயர்ந்ததாக வெளியான செய்தி தவறு. அது 300 சதவீதம் என்று இருந்திருக்க வேண்டும். சுட்டிக்காட்டிய ஓட்டுநருக்கு நன்றி.'

டிரைவரின் மனைவி தையல்காரர். இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டபடி அதை இரண்டு தடவை படித்தார்.

"நல்லா போய்த் திருத்தினீங்க போங்க."

"நான் சரியாத்தான் சொன்னேன்டி."

"ஒரு சட்டை தைக்கிற நாள்ல மூணு சட்டை தைச்சா, கூடுதலா தைச்சது எத்தனை? ரெண்டு. இருநூறுதான் சரி. இது தெரியாதவன் கையில பேனா. நான் இவன் மாதிரி அளவெடுத்தா ஊர்ல பாதிப் பேர் மூணாவது கையோட அலைவாங்க."

"இருநூறுன்னாலும் ஜனங்க தப்பாத்தானே புரிஞ்சுக்கறாங்க?"

"அதுக்கு நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். பேசாம வண்டிய ஓட்டுங்க. தானா அடங்கிடும்."

நல்ல யோசனைதான். டிரைவர் அதைக் கேட்கவில்லை. கண்டக்டரின் யோசனையைக் கேட்டார்.

"அண்ணே, நம்மளப் பிடிச்சவங்க வண்டி நிறைய இருக்காங்க. ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிப் போடட்டும். நல்லா ஓட்டறார்னு நாலு வார்த்தை. அதைப் பாத்தா மேலிடம் வாய மூடிடும்."

பயணிகள் தயங்கவே இல்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதினார். கண்ணாடிக்கடை ஆட்கள் ஐந்து பேர் எழுதினார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இரண்டு பக்கம் எழுதினார். மொத்தம் நாற்பத்தாறு சீட்டுகள். டிப்போவில் இருந்தது ஒரே பெட்டி. அதன் மேல் 'புகார்' என்று எழுதியிருந்தது. எல்லாவற்றையும் அதில்தான் போட்டார்கள்.

மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்தார்கள், எண்ணினார்கள், நூல் போட்டுக் கட்டினார்கள்.

அன்று சாயங்காலம் தொலைக்காட்சியில் 14ஆம் எண் பேருந்துக்கென்றே தனி நிகழ்ச்சி. திரையில் வரைபடமாக இரண்டு பட்டைகள். ஒன்று கட்டைவிரல் உயரம். இன்னொன்று திரையை முட்டிக்கொண்டு மேலே போய்விட்டது.

"மூணுல இருந்து நாப்பத்தாறு," என்றார் செய்தி வாசிப்பவர். "ஆயிரத்து நானூத்து முப்பத்துமூணு சதவீத உயர்வு. இதே வேகத்துல போனா இன்னும் நாலு மாசத்துல புகார்கள் இருபத்தஞ்சு லட்சத்தைத் தாண்டும்னு நிபுணர்கள் எச்சரிக்கறாங்க."

மனைவி சட்டைப் பித்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டார். "ஊர்ல எத்தனை பேர் இருக்கோம்?"

"எட்டு லட்சம்."

"அப்போ தொட்டில்ல கிடக்கிற குழந்தையும் ஆளுக்கு மூணு எழுதணும். எழுதினா கையெழுத்து எப்படி இருக்கும்னு அந்த நிபுணரையே கேளுங்க."

டிரைவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை மேலாளர் அவரிடம் ஒரு பக்கெட்டைக் காட்டினார். புதுப் பக்கெட். பக்கத்தில் தேங்காய்நார் பிரஷ்.

"சார், அதெல்லாம் பாராட்டு. நானே எழுதச் சொன்னது."

"புகார் எழுதச் சொல்லி நீங்களே தூண்டினீங்கன்னு வெளிய சொல்லாதீங்க. வேலையே போயிடும். இன்னும் ஒரு மாசம். அவ்வளவுதான் என்னால முடியும்."

அந்த மாதம் டிரைவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஊருக்குக் கணக்குத் தெரியவில்லை. பத்திரிகைக்குத் தெரியவில்லை. மேலிடத்துக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. ஆகவே தன் வண்டியில் ஏறுகிறவர்களுக்காவது சொல்லிக்கொடுத்துவிடுவது.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ஜினை அணைத்தார். எழுந்து திரும்பி நின்றார். தன் இருக்கைக்குப் பின்னால் இருந்த தகரத்தில் சாக்பீஸால் எழுதினார்.

"இங்க பாருங்க. ஒண்ணு ரெண்டானா நூறு சதவீதம் உயர்வு. ஒண்ணு மூணானா இருநூறு. சத்தம்தான் பெருசு. ஆள் ரெண்டே பேர். புரியுதா? அதனால தயவுசெஞ்சு யாரும் என்னைப் பாராட்டாதீங்க."

"கொஞ்சம் வண்டிய எடுங்கண்ணே," என்றார் நர்ஸ். "எனக்கு டூட்டி இருக்கு."

"எடுக்கறேம்மா. நூறு சதவீதம் குறைஞ்சா என்ன ஆகும்?"

"ஒண்ணுமே இருக்காது."

"சபாஷ். இருநூறு சதவீதம் குறைஞ்சா?"

வண்டி யோசித்தது. பின்சீட்டிலிருந்து தபால்காரர் கையைத் தூக்கினார். "நாம பெட்டிக்குப் புகார் கடன் குடுக்கணும்."

"அப்படி ஒண்ணு கிடையாது. ஆனா நாளைக்குப் பேப்பர்ல வந்தாலும் வரும். அப்போ நீங்க ஏமாறக்கூடாது."

"அண்ணே," என்று கண்டக்டர் காதில் சொன்னார். "பின்னாடி நம்ம டிப்போ வண்டியே ரெண்டு நிக்குது. அதுல ஒரு டிரைவர் இறங்கி வந்துட்டு இருக்கார்."

"அவரையும் ஏறச் சொல்லு. அவருக்கும் தெரியாது."

ஆறாவது நிறுத்தத்தில் சராசரி நடத்தினார். ஒன்பதாவதில் ஒரு பெரியவர் சந்தேகம் கேட்டதால் மறுபடி முதலிலிருந்து நடத்தினார். மூன்றாவது வாரத்தில் தகரம் போதாமல் கூரையில் எழுத ஆரம்பித்தார். மனைவி அரை டஜன் சாக்பீஸைப் பிடுங்கி வைத்தார். அவர் வாங்கியது ஒரு டஜன். ஐம்பது சதவீதம் மிச்சம் இருந்தது.

மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்தபோது டிரைவர் டிப்போ வாசலிலேயே நின்றார். மேலாளர் வெளியே வந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"அஞ்சு. நாப்பத்தாறுல இருந்து அஞ்சு. எண்பத்தொன்பது சதவீதம் வீழ்ச்சி. என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல."

முதலில் வந்ததைப் போல ஐந்து மடங்கு. இருநூறு சதவீதம் என்று கூப்பாடு போட்ட மாதத்தைவிடவும் இரண்டு அதிகம். டிரைவருக்கு இது தெரியும். அந்த ஊரில் அன்று அது தெரிந்த இன்னொரு ஆள் அவருடைய மனைவி.

பத்திரிகை 'புகார்கள் 89 மடங்கு குறைந்தன' என்று போட்டது. தொலைக்காட்சியில் அதே இரண்டு பட்டைகள் இடம் மாறி வந்தன. இதே வேகத்தில் போனால் அடுத்த ஆண்டு புகார் என்ற சொல்லே வழக்கில் இருக்காது என்றார் நிபுணர். முடிதிருத்துபவர் காசு வாங்க மறுத்தார். பக்கெட்டைப் பூச்செடிக்கு வைத்தார்கள்.

டிப்போவில் விழா எடுத்தார்கள். மேலிடத்திலிருந்து ஒருவர் கறுப்புக் காரில் வந்தார். டிரைவர் ஓய்வுபெறும் நாள் வரை 14ஆம் எண் வண்டி அவருக்கே என்று எழுத்தில் கொடுத்தார்கள். சிறந்த ஓட்டுநர் விருதும் அறிவித்தார்கள். கண்டக்டர் விசில் அடித்தார். பயணிகள் கைதட்டினார்கள். நாற்பத்தாறு பேருக்கும் மேலேயே இருக்கும்.

"இவர் மேல ஆயிரத்து நானூத்து முப்பத்துமூணு சதவீதம் ஏறியிருந்தது," என்று மேலாளர் மைக்கில் பேசினார். "அதுல எண்பத்தொன்பதை ஒரே மாசத்துல இறக்கியிருக்கார். மிச்சம் ஆயிரத்து முந்நூத்து நாப்பத்துநாலுதான். அதையும் சீக்கிரம் இறக்கிடுவார்னு நம்பறேன்."

டிரைவரின் வாய் தானாகத் திறந்தது. மேடைக்குக் கீழே முதல் வரிசையில் மனைவி, கழுத்திலிருந்த டேப்பை மெதுவாக இறுக்கிக் காட்டினார். டிரைவர் வாயை மூடிக்கொண்டு விருதை வாங்கினார். அந்த இரண்டு மாதத்தில் அவர் கணக்குத் திருத்தாமல் விட்ட முதல் தருணம் அது. அருமையாக இருந்தது.

விழா முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போட உள்ளே போனார். சீட்டுகளை எண்ணும் குமாஸ்தா அம்மாள் அலமாரியைக் காலிசெய்து மேஜையில் குவித்து வைத்திருந்தார்.

"விருதுக் கோப்புக்கு உங்க சர்வீஸ் முழுக்க வந்த சீட்டைச் சுருக்கி எழுதித் தரணுமாம்," என்றார் அந்த அம்மாள். "அதான் வாழ்க்கையில முதல் தடவையா நூலைப் பிரிச்சுப் படிச்சேன். அந்த மூணு இருக்கே, மூணும் நீங்க லீவு போட்ட நாள்ல எழுதினது. வேற டிரைவர் வேண்டாம், உங்களையே அனுப்புங்கன்னு. அதுக்கு முந்தின ஒண்ணு, ஜன்னல் கண்ணாடி இறங்கலைன்னு. நாப்பத்தாறும் பாராட்டு."

டிரைவரின் நெஞ்சு விரிந்து சட்டைப் பித்தானை இழுத்தது. "அப்போ இந்த மாசத்து அஞ்சு?"

அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டினார்.

"ஸ்டாப்புக்கு ஸ்டாப் வண்டிய நிறுத்திக் கணக்கு நடத்தறாராம், தாங்க முடியலையாம். இருபத்திரண்டு வருஷத்துல உங்க மேல வந்த முதல் புகாரே இந்த அஞ்சுதாங்க."