கூலி கேட்ட ஞாயிறு

காருக்கு அடியில் படுத்தபடியே வெள்ளியங்கிரி நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டார். "கூலி ஆயிரங்க." நட்டு முறுக்கும்போது கூச்சமில்லாமல்தான் வந்தது. வெளியே வந்து ஞானசுந்தரி டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

குன்னூர் வெலிங்டனில் ராணுவ ஒர்க்‌ஷாப் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், வீடு வீடாகப் போய்க் கார் ரிப்பேர் பார்க்கிறார். கிரீஸ் கையால் போனைத் தொடமாட்டார். கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்வது மனைவி அம்சவேணி. வேலை முடிந்தால் இவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பாத்துக் குடுங்க." பார்ப்பார்கள், சிரிப்பார்கள், டீயும் வர்க்கி பிஸ்கட்டும் கொடுப்பார்கள். இதுவரை தின்ற வர்க்கியை அடுக்கினால் தொட்டபெட்டா உயரம் வரும். மகா கஞ்சர்கள். இதை வீட்டில் சொல்லிப் புலம்பினால் அம்சவேணி கேட்பதாயில்லை. பழகினவர்களிடம் கூலி கேட்டு மரியாதையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதாம், நாலு பேர் நல்லபடியாகச் சொன்னால் போதுமாம்.

நாலு பேர் சொல்வதை வைத்து அரவேணுவில் ஷெட் பிடிக்க முடியுமா? அங்கே நல்லசாமியின் ஷெட் காலியாக இருக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் வராவிட்டால் டயர் கடைக்காரனுக்கு விட்டுவிடுவேன் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். மழையில் நனைந்து, அடுத்தவர் வாசல் சேற்றில் புரளுகிற பிழைப்புக்கு ஒரு முடிவு வேண்டும். இந்த ஷெட்டும் கைவிட்டுப் போனால் வேறு கதியில்லை.

"கூலி ஆயிரங்க, டீச்சர்" என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

டீச்சர் வாயைப் பிளந்தபடி பார்த்தார்.

"சரி, எண்ணூறு குடுங்க."

பிளந்த வாய் மூடவில்லை.

"ஐநூறுங்க. அதுக்குக் கீழ கட்டுப்படியாகாதுங்க."

டீச்சர் அவசரமாக உள்ளே ஓடிப் பணத்தைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் போட்டார். அவரே வாயைத் திறந்து கேட்டார் என்று டீச்சர் சொன்னது மட்டும் வெளியே கேட்டது. வெள்ளியங்கிரி ஸ்பானர்களை அள்ளிக்கொண்டு நடையைக் கட்டினார்.

அடுத்தது மேட்டுத் தெருவில் சில்வஸ்டர் வீடு. பட்டாளத்திலிருந்து வந்தவர், முன்கோபி. ஒரு பிரேக் வேலை என்றுதான் பேச்சு. போய்ப் பார்த்தால் வாசலில் கூட்டமே நிற்கிறது, பின்னால் வரிசையாக ஐந்தாறு கார்கள். வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை. சில்வஸ்டர் நேரே வந்து அவர் கையைப் பிடித்தார்.

"டீச்சர்கிட்ட ஐநூறு கேட்டீங்களாமே. நெசந்தானுங்களா?"

போச்சு. பேராசைப்பட்டு, இருந்த நல்ல பேரும் போச்சு. இனி குன்னூரில் எவன் இவரைத் தன் வண்டியைத் தொட விடுவான்? ஷெட்டை வாங்கி அதில் ஆடுதான் கட்ட வேண்டும். அவர் நானூறு என்றார். யாரும் அசையவில்லை. முந்நூறு என்றார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் டீச்சர் கொடுத்த பணத்தையே எடுத்து நீட்டி, இதை அவரிடமே கொடுத்துவிடுங்கள், எனக்குப் பழையபடி வர்க்கியே போதும் என்றார். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

சில்வஸ்டரின் டிரைவர் சுடலைக்கு மனசு கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அந்தப் பணத்தை அவர் சட்டைப்பைக்குள்ளேயே திரும்ப வைத்தான்.

"ஒவ்வொரு தடவையும் வேல முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலமே உங்க ஊட்டுக்காரம்மா போன் போட்டு வண்டிக்கு ரெண்டாயிரம் வாங்கிட்டிருக்காங்க, அவங்களுக்குத் தெரியறதுக்குள்ள இத்தன வண்டியையும் முடிச்சுக் குடுத்துருங்க."