இல்லைக்காரரின் பன்னிரண்டாவது நிபந்தனை

மதுரையில் சாமி இல்லை என்று சொன்னவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். நான் குளித்து, விபூதி பூசி, கண்ணை மூடுகிற நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று சொன்னவர் ஒருவர்தான். எழுபதுகளின் கடைசியில் ஆனையூரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். தெருவில் அவருக்குப் பெயர் இல்லைக்காரர். சாமி உண்டா என்றாலும் இல்லை, பேய் உண்டா என்றாலும் இல்லை. ராகுகாலம், சகுனம், மறுபிறவி எதுவும் இல்லை. கல்யாணமும் இல்லை. இருந்ததெல்லாம் வீட்டு முன்னால் மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒரு பட்டறைதான். சுற்றுவட்டாரக் கிணறுகளில் எரிந்துபோன மோட்டார்கள் அங்கேதான் வந்து கிடக்கும்.

மனுஷன் சாமியைத்தான் விட்டார், சாவை விடவில்லை. தெருவில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் பெரிய பிளாஸ்க் நிறையக் கடுங்காப்பியோடு முதல் ஆளாகப் போய் நிற்பார். சும்மாவும் நிற்கமாட்டார். சங்கு ஊதுகிறவரிடம் போய், யாருக்குக் கேட்க ஊதுகிறீர்கள் என்று விசாரிப்பார். ஒரு வீட்டில் பிணத்தை எடுக்கும் முன்பே அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சிவிட்டார். பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்பு எரியலாமா என்று தெருவே திரண்டது. பச்சைப்பிள்ளைக்காரி காலையிலிருந்து பட்டினி கிடக்கிறாள், முதலில் அவள் குடிக்கட்டும், பிறகு சண்டைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவள் குடித்தாள். சண்டை ஒரு வாரம் நடந்தது.

சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பினால் ஊரில் எல்லோரும் குளிப்பார்கள். இவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, நடுக்கூடத்தில் உட்கார்ந்து காப்பி கேட்பார். என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு காப்பியைக் கொடுப்பாள். அவர் போனதும் வீட்டையே கழுவி விடுவாள். மாதம் இரண்டு சாவு விழுந்தால் எங்கள் வீடு பளபளவென்று இருக்கும்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன். செத்தால் ஒன்றுமே இல்லை என்கிறீர்களே, பிறகு எதற்கு ஒரு சாவு வீடு விடாமல் ஓடுகிறீர்கள் என்று.

"செத்தவனுக்காகவா ஓடுறேன்? எரிஞ்ச மோட்டார்ல இருந்த கரண்டு எங்க போச்சுன்னு யாராச்சும் தேடுவானா தம்பி? அங்க தண்ணியில்லாம பயிரு நிக்கிதுல்ல, அதத்தான் பாக்கணும்."

எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாள், கையில் ஒரு தாளோடு வந்தார். தான் இறந்தால் உடலை மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் படிக்கக் கொடுத்துவிட வேண்டும். சங்கு கூடாது, பாடை கூடாது, கொள்ளி கூடாது என்று வரிசையாக நிபந்தனைகள். ஐந்தாவது, யாரும் அழக்கூடாது. இதற்குச் சாட்சிக் கையெழுத்தை நான் போட வேண்டுமாம். உங்களை மாதிரி ஆட்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்க, தினமும் சாமி கும்பிடுகிற நான்தானா கிடைத்தேன் என்று கத்தினேன்.

"அவங்க மேடையில பேசிட்டுப் போயிருவாங்க. நீ பயந்த ஆளு. கையெழுத்துப் போட்டா மீற மாட்ட."

உங்களுக்குப் பயமாக இல்லையா என்றேன்.

"செத்த பெறகு என்ன பயம்? இப்பப் போகத்தான் மனசு வரல. பட்டறையில எட்டு மோட்டார் கெடக்கு. அம்புட்டுப் பேரும் நாத்து விட்டுட்டுக் காத்திருக்கான்."

நான் ஆபீஸ் குமாஸ்தா. கடைசிவரை படிக்காமல் கையெழுத்துப் போடுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். அப்படியே போட்டேன்.

எட்டில் ஏழு மோட்டாரை முடித்துவிட்டார். ஒருநாள் காலையில் எட்டாவது மோட்டாரின் பக்கத்திலேயே சாய்ந்து கிடந்தார்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அவருடைய அண்ணன் சொந்தபந்தங்களோடு வந்து இறங்கினார். பாடை கட்டப் பச்சை மூங்கில் வந்தது, சங்கும் வந்தது. நான் தாளை எடுத்துக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் எழுந்து வந்தார்.

"எந் தம்பிய அறுத்துப் பாக்கவா குடுக்கச் சொல்ற?"

அடி விழுவதற்குள் படித்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். பதினொன்று முடிந்தது. தாளைத் திருப்பினால் பின்பக்கம் பன்னிரண்டாவதாக ஒன்று இருந்தது. அதை நானே அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

'இதற்கு என் அண்ணன் சம்மதிக்காவிட்டால் அவர் சொல்கிறபடியே செய்யவும். எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அவர்தான் இருந்து வருத்தப்படுவார்.'

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பதினொன்றை எழுதி என்னை அடி வாங்குகிற இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பன்னிரண்டாவதில் எல்லாவற்றையும் ரத்து செய்திருக்கிறார் மனுஷன்.

அண்ணன் அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பட்டறையில் கிடந்த அந்த எட்டாவது மோட்டாரின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கோடி வேட்டி ஒண்ணு மட்டும் போத்திவிடுறேன். அது வேணாம்னு எழுதியிருக்கானா?"

முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். எழுதவில்லை.

"அப்பச் சரி. அவன் கேட்டபடியே கொண்டு போங்கப்பா" என்றார்.

கல்லூரியில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சுடுகாட்டுக்குப் போகவில்லை, ஆனால் பிணத்தோடு போயிருக்கிறேன். இதற்குக் குளிக்க வேண்டுமா, வேண்டாமா என்று வாசலிலேயே நின்று யோசித்தேன். யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"குளிக்கவெல்லாம் வேணாம். உள்ள வாங்க, காப்பி ஆறுது."

நடுக்கூடத்தில் அவர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். ஐந்தாவது நிபந்தனையை என்னால் காப்பாற்ற முடியவில்லை. கையெழுத்துப் போட்ட ஒன்றை நான் மீறியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.