கிருமிக்கு ஊற்றிய தேங்காயெண்ணெய்

படித்த முட்டாளுக்கும் படிக்காத முட்டாளுக்கும் ஒரே வித்தியாசம், படித்தவன் மேடையேறி மைக் பிடிப்பான். நான் பிடித்திருக்கிறேன்.

பட்டப்படிப்பின் கடைசி வருடம். என் ஆய்வு, கடலில் கொட்டிய எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாவைப் பற்றியது. எதைத் தின்கிறதோ அதற்கேற்ப அது தன் உடம்பின் கொழுப்பமிலங்களை மாற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் தின்றால் எப்படி மாறுகிறது என்று நான் காட்ட வேண்டும். காட்டினால் பட்டம். அந்த நேரம் பார்த்து நாட்டில் பெட்ரோல் தீர்ந்து, கெம்பஸை மூடிவிட்டார்கள். உப்புத் தண்ணீர் போத்தலில் கிருமிகளைச் சுமந்துகொண்டு டிக்கோயா தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

"என்னடா இது?" என்றார் அம்மா.

"உசிருள்ளதும்மா. எண்ணெய் குடிச்சு வளரும். யாரும் தொடக் கூடாது." (மந்திரியைக் கூட்டிவந்த மாதிரி ஒரு பந்தா!)

எங்கள் லயத்து வரிசை வீட்டுக் குளிரில் தேங்காயெண்ணெய் கல்லாய் உறைந்துவிடும். காலையில் அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தடவுவோம். ஒருநாள் பார்த்தால், என் போத்தலும் அதன் பக்கத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் கரிசனம் என்று பூரித்துப்போனேன். மேற்கொண்டு எதுவும் கேட்காமல், வழக்கம்போல் அதில் நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டேன்.

கெம்பஸ் திறந்ததும் பரிசோதித்தேன். வரைபடத்தில் லோரிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் மலை மாதிரி நின்றது. புத்தகத்தில் எங்கும் இல்லாத சங்கதி! மண்டபம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, "மண்ணெண்ணெயைத் தின்று லோரிக் அமிலம் செய்யும் பாக்டீரியா, உலகில் இதுவே முதல் தடவை" என்று முழங்கினேன்.

யாழ்ப்பாணத்துப் பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, தேங்காயெண்ணெயில பாதி லோரிக் அமிலம்தான். வீட்டில ஆரும் ஊத்தினவையோ?"

"சான்ஸே இல்ல மேடம்!" நிரூபிக்க, அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். (சொந்தச் செலவில் சூனியம்.)

"ஆமாய்யா, தெனம் ஒரு கரண்டி ஊத்துனேன். வீடு தேடி வந்த உசிருக்கு மண்ணெண்ணெயவா குடுப்பாங்க? நல்லாக் கொழுத்துச்சா?"

மண்டபமே குலுங்கிச் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீர் திரும்பச் செய்யும். ஆறு மாதம் தாறன்" என்றார். பட்டம் அப்படித்தான் கிடைத்தது.

போன வருடம் எனக்குக் கல்யாணம். முதல் நாளே அம்மா மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, "இவன் என்னா குடுத்தாலும் மோந்து பாத்துக் குடிம்மா. விருந்தாளிக்கு மண்ணெண்ணெய் குடுத்த பய" என்றிருக்கிறார்.

நான் போடும் தேத்தண்ணியை என் மனைவி இன்றைக்கும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள்.