சோபாவுக்குக் கீழே கொம்பு

வந்திருந்தோர்:

திரு. ஹரிபிரசாத், இணை இயக்குநர், ஏரி நீர்விளையாட்டு முகமை (தலைமை).
திரு. நாகபூஷணம், செயற்பொறியாளர். முப்பத்தோரு சிறுபாலங்கள் கட்டியவர்; இருபத்தெட்டு இன்னும் நிற்கின்றன.
திருமதி பத்மினி, விழா மற்றும் மரியாதைப் பிரிவு.
ஏழுமலை, படகோட்டி, தினக்கூலி (நின்றுகொண்டு).
முகமையின் மாண்புமிகு தலைவருக்கு அன்று வேறு அலுவல் இருந்ததால், அவர் சார்பில் அவருடைய சோபா.
குறிப்பெடுத்தவன்: நான்.

கப்பற்கலையின் வரலாற்றை இனிமேல் இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்: எங்கள் கூட்டத்துக்கு முன், எங்கள் கூட்டத்துக்குப் பின். அதுவரை உலகம் முழுவதும் பாய்மரப் படகின் மேல்தளத்தில் கப்பிகளையும் கயிறு கட்டும் கொம்புகளையும் கடலைப் பார்த்தவர்களே பொருத்திவந்தார்கள். அதனால்தான் எல்லோரும் ஒரே மாதிரிப் பொருத்தினார்கள். சித்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. எங்களிடம் முன்முடிவுகள் எதுவும் இல்லை.

ஆண்டு இரண்டாயிரம். நாடு திறந்துவிடப்பட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. திறந்த வழியாகத் திருப்பதிக்கு பீட்சா வந்தது. நகரி, சத்தியவேடு பக்கத்து ஆட்கள் குவைத்துக்குப் போனார்கள். சந்திரகிரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கோனசெருவுக்குப் பாய்மரப் படகு வந்தது. மழை பெய்த வருடங்களில் அது ஏரி. மற்ற வருடங்களில் கிரிக்கெட் மைதானம். அந்த வருடம் மழை பெய்துவிட்டது. முகமை வேறு வழியில்லாமல் செயல்பட வேண்டியதாயிற்று.

நான் பெங்களூரில் இரவு ஷிப்டில் அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்து, எட்டே மாதத்தில் ஓடிவந்தவன். யார் எதைச் சொன்னாலும் அர்த்தம் கேட்காமல் அடிப்பேன். இந்தத் தகுதியை முகமை உடனே அடையாளம் கண்டுகொண்டது.

படகு லாரியில் வந்தது. மேல்தளம் மொட்டையாக இருந்தது. பொருத்த வேண்டிய சாதனங்கள் தனி அட்டைப்பெட்டியில் இருந்தன: கப்பிகள், கொம்புகள், வளையங்கள், இரண்டு பல் வைத்த ஒரு ‘கவ்வி’, மொத்தம் இருபத்துமூன்று. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. ‘ஓட்டுபவரின் வசதிப்படி இடம் தேர்ந்து பொருத்தவும்.’

இணை இயக்குநர் ஹரிபிரசாத் அதை மூன்று முறை படித்தார்.

“ஓட்டுபவர் அண்டே எவரு?” என்று தெலுங்கில் கேட்டுவிட்டு, தமிழில் அவரே பதிலும் சொன்னார். “படகை ஓட்டுறது முகமை. முகமையை ஓட்டுறது தலைவர். தலைவர் வசதிப்படி பொருத்தணும். அர்த்தமாயிந்தா?”

எல்லோருக்கும் அர்த்தமாயிற்று. ஏழுமலை மட்டும் கையைத் தூக்கினான். குவைத்தில் ஒரு பணக்கார அரபியின் பாய்மரப் படகில் ஏழு வருடம் வேலை பார்த்தவன். முதல் இரண்டு வருடம் தளத்தைக் கழுவினான், மீதி ஐந்து வருடம் கயிறு பிடித்தான். எங்கள் மாவட்டத்திலேயே பாய்மரப் படகைத் தொட்டிருந்தது அவன் ஒருவன்தான் என்பதால் அவனைத் தினக்கூலியில் வைத்திருந்தோம். திறப்பு விழா நல்லபடியாக முடிந்தால் நிரந்தர வேலைக்கு ஆர்டர் தருவதாக ஹரிபிரசாத் வாக்குக் கொடுத்திருந்தார்.

“சார், மத்ததெல்லாம் எங்கனா வெச்சிக்கோங்க. பாய்க்கயிற கட்ற எடம் மட்டும், சுக்கான் புடிச்சிக்கினு குந்தியிருக்கிறவன் கைக்கு எட்டணும். அந்தக் கவ்விய அங்க போட்டா போதும். பல்லு கயிற்ற கவ்விக்கும். மேல சுண்டுனா வுட்டுடும்.”

“எதுக்கு விடணும்? இப்பத்தானே கட்டினோம்?” என்றார் பொறியாளர் நாகபூஷணம்.

“திடீர்னு காத்து அடிச்சா படகு சாயும் சார். கயிற்ற வுட்டா பாய் காத்த வுட்டுடும், படகு நிமிந்துக்கும். வுடலன்னா கவுந்துக்கும்.”

“எவ்வளவு நேரத்துல விடணும்?”

“நீங்க ‘எவ்வளவு நேரத்துல’ன்னு கேட்டீங்களே, அதுக்குள்ள.”

ஹரிபிரசாத் புன்னகைத்தார். “அவசர முடிவு எந்த முகமைக்கும் நல்லதில்ல. மஞ்சிதி காதய்யா,” என்றார். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

முதலில் சோபாவுக்கு இடம் பார்க்கப்பட்டது. மூன்று பேர் உட்காரும் சோபா, மேலே வெள்ளை டவல். மரியாதைப் பிரிவு பத்மினி அம்மாள் அதைப் படகின் நட்டநடுவில் வைக்கச் சொன்னார். பாயின் அடிக்கம்பிலிருந்து இறங்கும் கயிறு சரியாக அதன் முன்னால்தான் போயிற்று.

“இது ஆகாது சார்,” என்றார் பத்மினி. “அய்யா முன்னாடி குறுக்கே எது இருந்தாலும் ரிப்பன்னு நெனச்சி வெட்டிடுவாரு. போன மாசம் பாகாலாவில மைக் ஒயர வெட்டிட்டாரு.”

எனவே கயிற்றை வேறு வழியாகக் கொண்டுபோகத் தீர்மானிக்கப்பட்டது. இடது ஓரம் போய், முன்பக்கம் சுற்றி, வலது ஓரமாகத் திரும்பி, சோபாவுக்குப் பின்னால் வந்து சேரும். வழியில் ஏழு கப்பிகள். நாகபூஷணம் அவற்றைச் சீரான இடைவெளியில் பஸ் ஸ்டாப் போலக் குறித்தார்.

“ஒவ்வொரு கப்பியும் கொஞ்சம் கொஞ்சம் புடிச்சி வெச்சிக்கும் சார்,” என்றான் ஏழுமலை. “ஏழுல பூந்து வந்தா ரெண்டு ஆளு இழுத்தாலும் நவுராது.”

“நகரலன்னா நல்லதுதானே? கயிறு பத்திரமா இருக்கும்,” என்றார் பொறியாளர்.

பிறகு நாகபூஷணம் பெட்டியில் இருந்ததை எண்ணி அதிர்ச்சி அடைந்தார். இருபத்துமூன்று! இடது பக்கம் பதினொன்று, வலது பக்கம் பன்னிரண்டு. “படகு சாயும், சாயும்னு சொன்னியே பாபு, இதோ காரணம்.” சமநிலை கருதி ஒரு சாதனத்தை நீக்குவது என்று ஒருமனதாக முடிவாயிற்று. பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது கவ்வி ஒன்றுதான். அது ஸ்டோர் ரூமுக்குப் போயிற்று.

மிச்சமிருந்தது கயிற்றின் கடைசி முனையைக் கட்டும் கொம்பு. அது எங்கே வைத்தாலும் தலைவரின் வேட்டியில் மாட்டும். இங்கேதான் குழுவின் மேதைமை வெளிப்பட்டது. சோபாவுக்குக் கீழே! வெளியே தெரியாது, வேட்டிக்கு ஆபத்து இல்லை, போட்டோவில் விழாது. மெத்தையைத் தூக்கினால் கை விடுவதற்குத் தச்சர் ஓட்டை போட்டுத் தருவார்.

“அவரு அது மேல குந்திக்கினு இருந்தா?” என்றான் ஏழுமலை.

“அவர் எழுந்த பிறகு தூக்கலாம்,” என்றார் பத்மினி.

“எப்ப எழுந்துப்பாரு?”

பத்மினி நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். “பதினொன்றரைக்கு.”

கடைசித் தீர்மானம்: ‘சாதனங்கள் யாவும் திருப்திகரமாகப் பொருத்தப்பட்டுள்ளன’ என்று தொழில்நுட்ப வல்லுநர் ஒருவர் சான்று தர வேண்டும். நாகபூஷணம், தான் பாலத்துக்கு மட்டுமே வல்லுநர் என்று அடக்கமாகச் சொன்னார். எல்லோரும் ஏழுமலையைப் பார்த்தார்கள். அதுவரை தினக்கூலியாக இருந்தவன் அந்த நிமிடம் ‘வல்லுநர்’ ஆனான். அவனுக்கு நாற்காலி மட்டும் தரப்படவில்லை.

“யோசிச்சி சொல்றேன் சார்,” என்று வெளியே போனான்.

சைக்கிள் ஸ்டாண்டில் அவன் மனைவி கன்னியம்மாள் சாப்பாட்டுத் தூக்கோடு காத்திருந்தாள். சித்தூரில் மாங்கூழ் ஃபாக்டரியில் வேலை. அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். சான்றிதழைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

“இன்னாய்யா, ஆர்டர் குடுத்தானுங்களா?”

“கையெழுத்து போட்டா குடுப்பாங்களாம். அவுங்க பண்ணி வெச்சிருக்கிறது தப்புமே. காத்து அடிச்சா கவுந்துக்கும்.”

“அடிக்கலன்னா?”

“அடிக்கலன்னா கவுறாது.”

“அப்புறம் இன்னா? போடு. இருவதாந் தேதியோட நீ வந்து ஆறு மாசம். அதுக்குள்ள குவைத்து போய் நிக்கலன்னா, அங்க தங்கறதுக்குக் குடுத்த அக்காமா செல்லாது. இங்க ஆர்டர் இல்ல, அங்க அக்காமா இல்லன்னா இன்னாய்யா துன்றது? ஏழு வருசம் போன்லயே குடும்பம் நடத்தியாச்சி. இன்னொரு ஏழு வருசம் என்னால ‘அலோ, அலோ’ன்னு கத்த முடியாது.”

“தப்புன்னு தெரிஞ்சிக்கினே எப்படிமே போடறது?”

“அரபிக்காரன் நீட்டுன பேப்பர்லலாம் போட்டியே, தெரிஞ்சிக்கினா போட்ட?”

வல்லுநர் சான்றிதழை வாங்கிக்கொண்டான். நான் பேனா நீட்டினேன். சைக்கிள் சீட்டின் மேல் வைத்துப் போட்டான்.

அக்டோபர் பதினேழு, காலை பதினொன்று. கரையில் பந்தல், பேண்டு செட், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். படகில் ஐந்து பேர். தலைவர் சோபாவில். அவருக்குப் பின்னால் ஹரிபிரசாத். பூச்செண்டோடு பத்மினி. குறிப்பு நோட்டோடு நான். சுக்கான் பிடித்து ஏழுமலை. நாகபூஷணத்துக்குக் காலையில் திடீரென்று பி.பி. ஏறியதால் கரையிலிருந்தே ஆசீர்வதித்தார்.

பதினொன்று பத்துக்கு, படகு நடு ஏரியில் இருந்தபோது, மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. நிகழ்ச்சி நிரலில் அது இல்லை.

பாய் உப்பியது. படகு இடது பக்கம் சாய்ந்தது. பூச்செண்டு தண்ணீரில் விழுந்தது.

“சார், கயிற்ற வுடணும். அய்யாவ எழுந்துக்கச் சொல்லுங்க!” என்று ஏழுமலை கத்தினான்.

ஹரிபிரசாத் பத்மினியைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா.”

“மரியாதைப் பிரிவு உட்கார வைக்கும் சார். எழுப்புறது நிர்வாகம்.”

“நான் எப்படி எழுப்புறது? அவர்தானே என்னை இங்க போஸ்டிங் பண்ணாரு!”

தலைவர் மட்டும் சோபாவின் கையைப் பிடித்தபடி மலர்ந்த முகத்தோடு இருந்தார். “பலே, நல்லா சாயுதே! இது நிகழ்ச்சியில இருக்கா?”

“இருக்குங்க அய்யா,” என்றார் பத்மினி.

தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. என் செருப்பு நனைந்தது. ‘11.11: சாய்வு கவனிக்கப்பட்டது’ என்று எழுதினேன். எழுத எழுத நோட்டும் சாய்ந்தது.

“எழுந்துருய்யா யோவ்!” என்றான் ஏழுமலை. தலைவரைப் பார்த்து அந்த மாவட்டத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதனால் அது தன்னைச் சொன்னதாக அவருக்குத் தோன்றவில்லை.

ஏழுமலை இடுப்பிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தான். சோபாவின் ஓரத்தில் பாய்ந்து, முதல் கப்பிக்கு முன்னாலேயே முறுக்கேறி நின்ற கயிற்றில் ஒரே இழுப்பு. கயிறு சீறிக்கொண்டு ஓடியது. பாய் படபடத்தது. படகு மெதுவாக நிமிர்ந்தது.

ஏதோ வெட்டப்பட்டதைக் கண்டதும் தலைவர் பழக்கதோஷத்தில் கை தட்டினார். அவர் தட்டியதைக் கண்டு கரையில் எல்லோரும் தட்டினார்கள். பேண்டு செட் முழங்கியது. ஏரி நீர்விளையாட்டு மையம் இவ்வாறு திறக்கப்பட்டது.

பாதி கைதட்டலில் தலைவரின் கை நின்றது.

“யாரு வெட்டுனது?” என்றார்.

விசாரணை கரையிலேயே நடந்து பத்து நிமிடத்தில் முடிந்தது. இவ்வளவு வேகத்தை முகமையில் நான் கண்டதில்லை. நாகபூஷணம் படகில் ஏறி எண்ணினார். இருபத்திரண்டு சாதனங்களும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன; கொம்பில் ஒரு கீறல் இல்லை. சேதமடைந்தது கயிறு மட்டும். எனவே பொருத்தியதில் பிழை இல்லை. அடுத்து ஹரிபிரசாத் சான்றிதழை எடுத்துக் காட்டினார். ‘எல்லாம் திருப்திகரம்’ என்று கையெழுத்துப் போட்டவன் எதற்காகக் கத்தியோடு வந்தான்? ஒன்று, சான்றிதழ் பொய். அல்லது, கத்தி சதி. அந்தக் கையெழுத்தை அவனாகவே யோசித்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் போட்டான் என்பதற்கு நான் சாட்சி.

முக்கியப் பிரமுகர் அருகே ஆயுதம், அரசுச் சொத்துக்குச் சேதம். வேறொரு பிரிவும் போட முடியுமா என்று பத்மினி கேட்டார். அய்யாவுக்கு முன்னால் வெட்டியதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று பந்தோபஸ்துக்கு வந்திருந்த எஸ்.ஐ. வருத்தப்பட்டார்.

காவல் நிலையத்தில் புகாரை நான் எழுதினேன். சொன்னதைச் சொன்னபடி. ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முழங்கால் வரை இன்னும் ஈரம். கன்னியம்மாள் சித்தூரிலிருந்து பஸ் ஏறிவிட்டாள் என்று யாரோ வந்து சொன்னார்கள்.

“இருவதாந் தேதிக்குள்ள வுட்டுடுவாங்களா சார்?” என்று கேட்டான்.

“ரிமாண்டு பதினைந்து நாள்,” என்றேன்.

விரல் மடக்கினான். பாதியில் விட்டுவிட்டான்.

“சார், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாது.”

“ஹரிபிரசாத் சாருக்கு?”

“தெரியாது.”

“அந்தம்மாவுக்கு? அய்யாவுக்கு?”

“யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும்,” என்றான்.

மீதிக் கணக்கு எனக்கே புரிந்தது. கயிற்றை அவன் வெட்டாமல் இருந்திருந்தால் நாங்கள் நான்கு பேரும் ஏரியின் அடியில் இருந்திருப்போம். அவன் நீந்திக் கரையேறி, தலை துவட்டி, இருபதாம் தேதி குவைத்தில் போய் இறங்கியிருப்பான். அப்படிச் செய்திருந்தால் அவன் மேல் புகார் எழுத எங்களில் ஒருவன்கூட மிச்சமிருந்திருக்க மாட்டான். எங்களை மிச்சம் வைத்தான்; அவன் செய்த குற்றம் அது ஒன்றுதான். புகாரில் அதற்கு இடம் இல்லாததால் நான் எழுதவில்லை.

சாட்சி என்ற இடத்தில் என் பெயரைத் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கான்ஸ்டபிள் அவனை உள்ளே விட்டு, கம்பிக் கதவைச் சாத்திப் பூட்டினார்.